போடி ஏலக்காய் ஏலமும் உங்க சம்பளக் கணக்கும்: திரைக்குப் பின்னால யார் நிக்கிறாங்க?

செங்கடல்ல ட்ரோன், ஜெனீவால முடங்கிப் போன டபிள்யூ.டி.ஓ., ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சைபர் தாக்குதல்னு செய்திகள் தினமும் வருது. "சார், எனக்கு மாசம் நாற்பதாயிரம் சம்பளம், இதுல எனக்கென்ன?" என்பதுதான் பலர் மனசுல இருக்கிற கேள்வி. வீடியோவில் இதை வேகமா சொல்லிட்டுப் போயிட்டேன். இங்க நிதானமா ஒரு பாடமாவே எழுதறேன். உதாரணத்துக்கு வால் ஸ்ட்ரீட் எல்லாம் வேண்டாம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் போதும்.

ஏலக்காய்க்கு ஒரு ஏலம்

போடியில் ஏலக்காய் வியாபாரம் உண்டு, ஆனா தோட்டங்களில் பெரும்பகுதி போடியில் இல்லை. போடிமெட்டு மலைப்பாதையில் ஏறினா கேரளாவின் இடுக்கி மாவட்டம். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிஞ்சப்போ தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போச்சு. செடி அந்தப் பக்கம் நின்னுடுச்சு, வியாபாரிகளும் கோடவுனும் இந்தப் பக்கம். காய் எடுக்கிற பெண்கள் விடியறதுக்குள்ள ஜீப்பில் மேலே போய் சாயங்காலம் இறங்கி வர்றாங்க. பச்சைக் காய் சுமார் 5 கிலோவை ஸ்டோர்ல உலர வச்சா 1 கிலோ ஏலக்காய் கிடைக்கும். அதை சலிச்சு, 7 எம்.எம்., 8 எம்.எம். என்று பிரிச்சு, அப்புறம்தான் விலை.

அந்த விலை எப்படி முடிவாகுது? ரொம்ப காலம் ஆளுங்க நேர்ல உட்கார்ந்து கை தூக்கிக் கேட்கிற ஏலம்தான். யார் கேக்கிறாங்க, யார் பின்வாங்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நாலு பெரிய கைகள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டா விலை அங்கேயே நின்னுடும்னு விவசாயிக்கு ஒரு பயம் எப்பவும் உண்டு. 2007-ல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டு வந்தது. இன்னைக்கு இரண்டு மையங்கள்: தமிழ்நாட்டில் போடி, கேரளாவில் வண்டன்மேடு பக்கத்தில் புத்தடி. டீலர் முன்னாடி ஒரு கம்ப்யூட்டர், கையில் சாம்பிள் காய். காயைப் பார்த்து, முகர்ந்து, உடைச்சுப் பார்த்துட்டு பட்டனை அழுத்துறார். திரையில் விலை ஏறுது. முகத்துக்கு அங்க வேலை இல்லை. கிடைச்ச விலை சில நிமிஷத்தில் மலை மேல இருக்கிற விவசாயி போனுக்கு வந்துடும்.

இதைப் பார்த்து "டெக்னாலஜி எல்லாத்தையும் மாத்திடுச்சு"ன்னு எழுதிட்டுப் போறது சுலபம். எனக்கு ஆடிட்டர் புத்தி. நான் கேக்கிற கேள்வி வேற. பட்டனை அழுத்தினவர் நாளைக்குப் பணம் தரலைன்னா?

அதுக்குத் திரையில் பதில் கிடையாது. பதில் பழைய காகிதத்தில்தான் இருக்கு. 1965-ல் ஏலக்காய்க்குன்னே ஒரு மத்தியச் சட்டம், அடுத்த வருஷம் ஏலக்காய் வாரியம். பிறகு 1986 ஸ்பைசஸ் போர்டு சட்டம், 1987-ல் லைசென்ஸ் விதிகள். அந்த விதிகள்படி ஏலம் நடத்துற நிறுவனத்துக்கு லைசென்ஸ் வேணும், வாங்குற டீலருக்கும் லைசென்ஸ் வேணும். விவசாயிக்குப் பணம் தர்ற பொறுப்பு ஏலம் நடத்துற நிறுவனத்தோடது. டீலர்கிட்ட வசூல் பண்றது அவங்க பாடு. அதாவது ஒரு சின்ன விவசாயி, முன்பின் தெரியாத ஒரு வியாபாரியை நம்பி மூட்டையை அனுப்பலை. நடுவுல நிக்கிற அமைப்பை நம்பி அனுப்புறார். ஷேர் மார்க்கெட்டில் கிளியரிங் கார்ப்பரேஷன் செய்யிற வேலையும் கிட்டத்தட்ட இதுதான்.

அந்த அமைப்பு தளர்ந்தா கம்ப்யூட்டர் காப்பாத்தாது. விவசாயிகள் சங்கங்கள் பல வருஷமா சொல்ற ஒரு புகாரைப் பாருங்க: ரீபூலிங். ஏலத்தில் வாங்கின காயையே வியாபாரிகள் திரும்ப ஏலத்துக்குக் கொண்டு வர்றது. வரத்து நிறைய இருக்கிற மாதிரி திரையில் தெரியும், விலை அழுந்தும். திரை பொய் சொல்லலை. எவ்வளவு காய் வந்துதோ அதைத்தான் காட்டுது. அது ஏற்கெனவே ஒரு தடவை வித்த காயா, புதுக் காயான்னு சொல்ல ஒரு மனுஷன் வேணும், அவனுக்கு அதிகாரமும் வேணும்.

எல்லை மூடினா என்ன ஆகும்?

2011 டிசம்பர் ஞாபகம் இருக்கா? உங்கள்ல பல பேர் அப்ப ஸ்கூல்ல இருந்திருப்பீங்க. முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதிச்ச மாசம். குமுளி வழி அடைபட்டுச்சு. தேனி மாவட்டத்திலிருந்து தினமும் மேலே போற தொழிலாளிகள் போக முடியலை. மேலேயே தங்கி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பல மூட்டை முடிச்சோட இறங்கி வந்தாங்க. மின்னணு ஏலம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் இருந்தது, காய் எடுக்க ஆள் இல்லை.

அணையோட பாதுகாப்பு பத்தி அந்தப் பக்கத்து மக்களுக்கு இருந்த பயத்தை நான் குறைச்சுப் பேசலை. என் கவலை வேற. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம்னு தீர்ப்பு சொன்னது. அடுத்த மாசமே கேரளா அதைத் தடுக்கிற மாதிரி சட்டத் திருத்தம் போட்டது. அந்தத் திருத்தம் செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 மே மாசம். நடுவில் எட்டு வருஷம். நாட்டோட உச்சபட்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு எட்டு வருஷம் தொங்கிக்கிட்டு இருந்தா, அந்த இடைவெளியில் என்ன நடக்கும்? 2011 டிசம்பர் நடக்கும். கூலி போனது வழக்குப் போட்டவங்களுக்கு இல்லை, ஜீப்பில் போற அம்மாவுக்கு.

அடுத்தது 2020. கொரோனா ஊரடங்கு வந்ததும் மார்ச் மூணாவது வாரத்தோட ஏலம் நின்னது. திரும்ப ஆரம்பிச்சது மே கடைசியில். ஆரம்பிச்சும் நிம்மதி இல்லை. போடி டீலர் புத்தடிக்குப் போகணும்னா இ-பாஸ், குவாரன்டைன். புத்தடிக்காரர் போடிக்கு இறங்க முடியாது. வாங்குறவங்க பாதிப் பேர் வராத ஏலத்தில் என்ன விலை கிடைக்கும்? 2021-ல் ஸ்பைசஸ் போர்டு இதுக்கு ஒரு வழி செஞ்சது. இரண்டு மையத்தையும் கிளவுட் மூலமா இணைச்சாங்க. போடியில் உட்கார்ந்தே புத்தடி ஏலத்தில் விலை கேக்கலாம், அங்கிருந்து இங்கேயும் கேக்கலாம்.

இது உண்மையிலேயே நல்ல வேலை. பாராட்டணும். ஆனா இதுல எது எல்லையைத் தாண்டிச்சுன்னு கவனிங்க. விலை தாண்டிச்சு. சாம்பிள் பொட்டலம் இன்னும் ரோட்டுலதான் போகணும். மூட்டையும் ரோட்டுலதான். காய் எடுக்கிறவங்க இன்னும் விடியற்காலை ஜீப்பில்தான். டெக்னாலஜி தகவலுக்கு எல்லையைத் திறந்து விட்டது; மனுஷனுக்கும் சரக்குக்கும் எல்லையைத் திறக்கிறது அரசாங்கங்களும் நீதிமன்றங்களும்தான்.

ஜெட்டாவுக்குப் போற வழி

இப்போ உலகத்துக்கு வருவோம். நம்ம ஏலக்காயை வெளிநாட்டில் விரும்பி வாங்குறவங்களில் முக்கியமானவங்க சௌதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் பக்கத்துக்காரங்க. அங்க வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற காபியே ஏலக்காய் போட்டதுதான். போட்டி குவாதமாலா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்க ஏலக்காய் போச்சு, இன்னைக்கு உலகத்திலேயே அதிகம் ஏற்றுமதி பண்றது அவங்க. போடி விலையில் குவாதமாலா மழைக்கும் ஒரு பங்கு உண்டு.

சௌதியின் பெரிய துறைமுகம் ஜெட்டா, செங்கடல் கரையில் இருக்கு. கொச்சியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ அங்க போகணும்னா ஏமன் ஓரமா பாப்-எல்-மன்டேப் நீரிணையைத் தாண்டணும். 2023 நவம்பரிலிருந்து அந்த இடத்தில் ஹூதி படையினர் கப்பல்களைத் தாக்க ஆரம்பிச்சாங்க. டிசம்பருக்குள் உலகத்தின் பெரிய கப்பல் கம்பெனிகள் பல செங்கடலை விட்டுட்டு ஆப்பிரிக்காவைச் சுத்திப் போக ஆரம்பிச்சது. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு சுமார் 10 முதல் 14 நாள் கூடுதல். கன்டெய்னர் வாடகை ஏறுச்சு, போர் அபாய இன்ஷூரன்ஸ் ஏறுச்சு.

கணக்குப் பார்க்கிறவனுக்கு இதில் ஒரு விநோதம் தெரியும். தாக்க வர்ற ட்ரோன் சில ஆயிரம் டாலர்ல முடியுது. அதை வீழ்த்த அமெரிக்கக் கடற்படை விட்ட ஏவுகணை ஒண்ணு சுமார் 20 லட்சம் டாலர். தாக்குறவனுக்கு மலிவு, காக்கிறவனுக்கு ஆனை விலை. இதுதான் டெக்னாலஜி பாதுகாப்பில் செஞ்ச மாற்றம். முன்னாடி கடல் வழியை மறிக்க ஒரு நாட்டுக்குக் கப்பற்படை வேணும். இப்ப வேண்டாம்.

சரி, இதை நிறுத்தச் சொல்ல ஒரு அமைப்பு இருக்கே? இருக்கு. 2024 ஜனவரி 10-ம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபை தாக்குதலை நிறுத்தச் சொல்லி 2722-ஆம் தீர்மானத்தை நிறைவேத்தினது. 11 நாடு ஆதரவு; ரஷ்யா, சீனா உள்பட 4 நாடு ஒதுங்கிக்கிச்சு. தாக்குதல் தொடர்ந்தது. வர்த்தகத் தகராறுன்னா போக வேண்டிய டபிள்யூ.டி.ஓ.வின் மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து செயல்படலை. புது உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்காததால் வழக்குக் கேக்க ஆளே இல்லை. கீழ்க் கோர்ட்டில் தோத்தவர் மேல்முறையீடு போட்டுட்டு, "கேக்க ஆள் வரட்டும்"னு உட்கார்ந்துக்கலாம்!

ஒரு எச்சரிக்கை. ஏலக்காய் விலை ஏறினாலும் இறங்கினாலும் "செங்கடல்தான் காரணம்"னு யாராவது சொன்னா உடனே நம்பாதீங்க. 2019 ஆகஸ்டில் புத்தடியில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாய் தொட்டுச்சு. காரணம் 2018 வெள்ளமும் அதுக்கப்புறம் வந்த வறட்சியும். அந்த விலையைப் பார்த்து ஆசைப்பட்டுக் கடன் வாங்கித் தோட்டம் பிடிச்சவங்க 2022-ல் சராசரி 1,000-க்குக் கீழே போனதையும் பார்த்தாங்க. மழையும் விளைச்சலும்தான் விலையின் முதல் காரணம். உலக அமைப்புகளின் பலவீனம் அதுக்கு மேல ஏறுற ஒரு செலவு. அது பில்லில் தனி வரியா வராது, அதனாலதான் கண்ணுக்குத் தெரியறதில்லை.

அளக்கிற மெஷின் யார்கிட்ட இருக்கு?

கடல் வழி ஒரு பக்கம். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு இன்னொரு கதவு இருக்கு: லேப். 2018 வாக்கில் பூச்சிமருந்து எச்சம் அதிகம்னு சௌதி நம்ம ஏலக்காயைத் திருப்பினது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்சைடு இருக்குன்னு சில இந்திய மசாலா பாக்கெட்டுகளை விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னது. எம்.டி.எச்., எவரெஸ்ட் என்று வீட்டுக்கு வீடு தெரிஞ்ச பேர்கள். எங்க பொருள் பாதுகாப்பானதுதான்னு கம்பெனிகள் சொன்னாங்க. அடுத்த மாசமே ஸ்பைசஸ் போர்டு அந்த இரண்டு இடங்களுக்குப் போற மசாலாவுக்கு ஏற்றுமதிக்கு முன்னாடியே சோதனையைக் கட்டாயமாக்கினது.

இன்னைக்கு லேப் மெஷின் நூறு கோடியில் சில பங்கு அளவு எச்சத்தைக்கூடக் கண்டுபிடிக்குது. அந்த மெஷின் எல்லா நாட்டிலும் இருக்கு. நம்ம அமைப்பு முதலில் அளக்கலைன்னா, வாங்குறவனோட மெஷின் அளக்கும். அப்ப திரும்பி வர்ற கன்டெய்னரோட நஷ்டம், அளவா மருந்தடிச்ச விவசாயி தலையிலயும் சேர்ந்துதான் விழும். போடி மூட்டை எல்லாம் ஒரே பேர்லதானே போகுது!

இப்ப உங்க அக்கவுன்ட்

இவ்வளவும் ஏன் சொன்னேன்? உங்க போன்ல இருக்கிற ஒவ்வொரு பண ஆப்பும் ஒரு ஏல மையம் மாதிரிதான். திரை ஒண்ணு, அதுக்குப் பின்னால ஒரு அமைப்பு. சில ஆப்ல திரை மட்டும்தான் இருக்கு, பின்னால யாரும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தா இரண்டும் ஒரே மாதிரி பளபளன்னு இருக்கும்.

டிஜிட்டல் கோல்டை எடுத்துக்குவோம். 10 ரூபாய்க்குத் தங்கம், ஒரு தட்டு தட்டினா போதும். 2025 நவம்பரில் செபி ஒரு எச்சரிக்கை வெளியிட்டுச்சு: டிஜிட்டல் கோல்ட் எங்க கட்டுப்பாட்டில் வராது, முதலீட்டாளர் பாதுகாப்பு இதுக்குக் கிடையாதுன்னு. எல்லா டிஜிட்டல் கோல்டும் மோசடின்னு நான் சொல்லலை. ஆனா அந்தக் கம்பெனி மூடிக்கிட்டா நீங்க எந்தக் கதவைத் தட்டுவீங்க? அதே தங்கத்தை கோல்ட் ஈ.டி.எஃப். மூலமா வாங்கினா செபி விதிகள் நடுவில் நிக்கும். விவசாயிக்கு லைசென்ஸ் உள்ள ஏலத்துக்கும் ரோட்டோரத் தரகருக்கும் என்ன வித்தியாசமோ, உங்களுக்கு இது அதே வித்தியாசம்.

ஃபிக்ஸட் டெபாசிட். ஒரே ஆப்ல பத்து கம்பெனி எஃப்.டி. வரிசையா தெரியும். வட்டி மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீங்க. ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கி டெபாசிட்டுக்கு டி.ஐ.சி.ஜி.சி. இன்ஷூரன்ஸ் உண்டு, என்.பி.எஃப்.சி. டெபாசிட்டுக்குக் கிடையாது. இன்ஷூரன்ஸ் ஒரு வங்கிக்கு 5 லட்சம், அசலும் வட்டியும் சேர்த்து. கிளை கிளையா பிரிச்சுப் போட்டாலும் மொத்தம் 5 லட்சம்தான். இந்த 5 லட்சமும் சும்மா வந்ததில்லை. 2019 செப்டம்பரில் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி முடங்கி, முதலில் ஒருத்தருக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம்னு ரிசர்வ் வங்கி சொன்னப்போ மும்பையில் ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க. அதுக்கப்புறம் 2020 பிப்ரவரியில்தான் 1 லட்சம் 5 லட்சம் ஆச்சு. ஊர்ல அப்பா அம்மா பணம் போட்டு வச்சிருக்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இந்த இன்ஷூரன்ஸ்ல வராது. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப அவங்க பாஸ்புக்கை வாங்கிப் பாருங்க.

அடுத்தது, திரையே அணைஞ்சு போற நாள். 2024 ஜூலை 31-ம் தேதி சி-எட்ஜ் என்ற கம்பெனியில் ரான்சம்வேர் தாக்குதல். கூட்டுறவு வங்கிகள், கிராமிய வங்கிகள்னு சுமார் 300 சின்ன வங்கிகளுக்கு சாஃப்ட்வேர் சேவை தர்ற கம்பெனி. என்.பி.சி.ஐ. உடனே அந்தக் கம்பெனியைப் பணப் பரிமாற்ற நெட்வொர்க்கிலிருந்து துண்டிச்சது. அந்த வங்கி வாடிக்கையாளர்களுக்கு யு.பி.ஐ. வேலை செய்யலை. மறுநாள் சரியாச்சு, யார் பணமும் காணாமப் போகலை. துண்டிச்சது சரியான முடிவு. நோய் பரவாம தடுத்தாங்க. அதிகாரம் உள்ள ஒரு அமைப்பு நடுவில் இருந்ததாலதான் அது ஒரு நாள் தொல்லையா முடிஞ்சது.

அதனால என்கிட்ட வர்றவங்களுக்கு நான் சொல்றது: சம்பளக் கணக்கு ஒரு பெரிய வங்கியில் இருந்தா, அவசரப் பணம் வேற ஒரு வங்கியில் இருக்கட்டும். யு.பி.ஐ. ஆப்பை மாத்தினா போதாது, வங்கியே வேற வேணும். வீட்டில் ஒரு வாரச் செலவுக்கு ரொக்கம் வைங்க. பழைய பஞ்சாங்கம்னு சிரிக்கலாம், பரவாயில்லை. ஃபண்டு, எஃப்.டி., இன்ஷூரன்ஸ் விவரங்களை வருஷத்துக்கு ஒரு தடவை பிரிண்ட் எடுத்து வைங்க, நாமினி பேர் அதில் சரியா இருக்கான்னும் பாருங்க.

கடைசியா, மோசடி. போலீஸ் உடுப்போட வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்"னு ஒருத்தன் மிரட்டுறான். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்திலேயே கிடையாது. அமைப்புகள் மேல நமக்கு இருக்கிற பயம்தான் அவன் முதலீடு. நம்ம போலீஸ், நம்ம கோர்ட் எப்படி வேலை செய்யும்னு நமக்குச் சரியா தெரியாதுங்கிறதை அவன் சரியா தெரிஞ்சு வச்சிருக்கான். பணம் போயிடுச்சுன்னா முதல் போன் 1930. அதிர்ச்சியில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் பணம் நாலு கணக்கு தாண்டிடும், அதனால நிமிஷம் கணக்கு.

இரண்டாவது உங்க வங்கி, எழுத்துல. 2017 ஜூலை 6-ம் தேதி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, உங்க தப்பும் இல்லாம வங்கி தப்பும் இல்லாம வெளியாள் மூலமா பணம் போயிருந்தா, 3 வேலை நாளுக்குள் சொல்லிட்டா உங்க பொறுப்பு பூஜ்யம். 4 முதல் 7 நாள்னா ஒரு வரம்பு வரை உங்க நஷ்டம். சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். அதுக்கு மேலே போனா வங்கியோட போர்டு பாலிசி என்ன சொல்லுதோ அது. நீங்களே ஓ.டி.பி. சொல்லிக் கொடுத்திருந்தா, வங்கிக்குச் சொல்ற வரைக்கும் போன பணம் உங்க தலையில், சொன்னதுக்கப்புறம் போறது வங்கி தலையில்.

வங்கி தகவல் அனுப்பின நாளை அந்த 3 நாளில் சேர்க்க மாட்டாங்க. ஆனா அந்தத் தகவல் எந்த நம்பருக்குப் போகுது? காலேஜ்ல வாங்கின பழைய சிம்முக்கு அலர்ட் போய்க்கிட்டு இருந்தா உங்களுக்கு விஷயம் தெரியறதுக்குள்ள 7 நாளும் ஓடியிருக்கும். நாளைக்கு லஞ்ச் பிரேக்கில் உங்க வங்கி ஆப்பைத் திறந்து, பதிவு பண்ணின நம்பரும் ஈமெயிலும் இப்ப நீங்க பயன்படுத்துறதுதானான்னு பாருங்க. இல்லைன்னா கிளைக்குப் போய் மாத்திட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கோங்க.